கணக்கறிந்த தேசபக்தர்: ஸ்ரீ ஜே. சி. குமரப்பா

இன்று ஜனவரி 30. மகாத்மா காந்தி உயிர் துறந்த தினமாகையால் தேசமெங்கும் காலை 11 மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டிக்கப்படும். நமது தர்மபுரியிலும் கச்சேரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவ்வாறு நிற்பவர்களிலே, அதே ஜனவரி 30-ந் தேதியில், 1960-ம் வருஷத்தில், சென்னையிலே காலமான மற்றொரு மனிதரை நினைப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்களென்று நமக்குச் சந்தேகமாயிருக்கிறது. அவர் தமிழர், காந்தியடிகளின் பொருளாதாரக் கொள்கைக்குச் சாஸ்திர ரூபம் கொடுத்தவர், மந்திரி பதவியோ மாளிகையோ மனைவி மக்களோ இல்லாமல் வாழ்ந்து முடிந்தவர். ஸ்ரீ ஜே. சி. குமரப்பாவைப் பற்றியே இன்று எழுதத் துணிகிறோம்.

சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. பாலக்கோட்டில் தக்காளி விலை விழும்போதெல்லாம், பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாதென்று குடியானவர்கள் கூடை கூடையாகச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவதை நமது வாசகர்கள் கண்டிருக்கிறார்கள். ஊர் எல்லையில் குப்பை மேடு புகைவதையும் கண்டிருக்கிறார்கள். உணவாக வேண்டியது குப்பையாகிறது. எருவாக வேண்டியது புகையாகிறது. வயலுக்கு வேண்டிய உரமோ மூட்டை மூட்டையாக வெளியூரிலிருந்து வருகிறது. ஊர்ப் பிள்ளைகளோ வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். இந்த நான்கும் நான்கு தனித்தனிக் கஷ்டங்களென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இவை ஒரே கணக்குப் பிழையின் நான்கு வரிகள் என்று கண்டுகொள்ளும் வழியை நமக்குக் கற்பித்தவர் குமரப்பா.

எடுப்பது, செய்வது, எறிவது என்ற நேர்கோட்டு வழியை விட்டு, ஒருவரது கழிவு மற்றொருவரது மூலப்பொருளாகும்படி தொழில்களை அமைப்பதற்கு இக்காலத்து நிபுணர்கள் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நமது படித்த வகுப்பார் இதனை வரவேற்கிறார்கள். இந்தச் சரக்கின் பெரும்பகுதி நமது வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டிப் பார்ப்பதற்கு அவரது சரித்திரமே தக்க வழி.

1892-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் பிறந்தார். தகப்பனார் மராமத்து இலாகா உத்தியோகஸ்தர். வீட்டில் ஒழுங்கும், மேல்நாட்டு நடை உடைகளும், சல்லிக்காசுக்கும் கணக்கு எழுதும் பழக்கமும் இருந்தன. இளமையிலேயே லண்டனுக்குச் சென்று கணக்குப் பரிசோதனைத் தொழில் பயின்று, அங்கேயே சில காலம் அத்தொழிலை நடத்தி, 1919-ல் தாயாரின் வற்புறுத்தலால் திரும்பி வந்து பம்பாயில் அமர்ந்தார். நல்ல வருமானம், நாகரிக உடை, கணக்கிலே ஓர் அணா பிசகினாலும் விடாத கண். அந்த நாளில் அவரைக் கண்டவர் எவரும், இவர் ஒரு நாள் கதராடை உடுத்திக் குடிசையில் வசிப்பாரென்று சொல்லியிருக்க முடியாது.

1927-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகப் பட்டம் பெற்றபின், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் பேராசிரியர் செலிக்மனிடம் அரசாங்க நிதியைப் பற்றிப் படிக்கலானார். இந்தியா ஏன் வறுமைப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்து அவர் செய்த ஒரு பிரசங்கம் பத்திரிகையில் வெளிவந்தது. அதனைப் பேராசிரியர் கண்டு, அந்த விஷயத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி தூண்டினார். அதுவரை வியாபாரிகளின் பேரேடுகளைப் புரட்டியவர் இப்பொழுது ஒரு சாம்ராஜ்யத்தின் பேரேட்டைப் புரட்டினார். வரியாக ஜனங்களிடமிருந்து போவது எவ்வளவு, அது எந்த இனங்களில் செலவாகிறது, ஜனங்களிடம் திரும்பி வருவது எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார். போனது திரும்பவில்லை என்று கண்டார். அவர் ஆயுள் முழுதும் செய்த வேலையின் வித்து இதுவே. பணமாயினும், மண்ணின் சத்தாயினும், மனிதனின் உழைப்பாயினும், எடுத்த இடத்துக்குத் திரும்பாத பொருள் கடன். அதை லாபம் என்று எழுதுபவன் பொய்க் கணக்கு எழுதுகிறான் என்பதே அவர் கண்ட சித்தாந்தம்.

அந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, 1929-ம் வருஷம் மே மாதம் சபர்மதி ஆசிரமத்திற்குப் போய்க் காந்தியடிகளைக் கண்டார். மேல்நாட்டு உடையில் வந்த அந்தக் கணக்கர், மரத்தடியில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த கிழவருக்கு எதிரே தரையில் உட்கார நேர்ந்தது. காந்தியடிகள் அவரது நூலைத் தமது பத்திரிகையில் தொடர்ந்து வெளியிட இசைந்ததோடு, குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராய்ந்து வரும்படி ஒரு வேலையும் கொடுத்தார். குமரப்பா குஜராத் வித்யாபீடத்து மாணாக்கர்களை அழைத்துக்கொண்டு 50-க்கு மேற்பட்ட கிராமங்களில் சுற்றி, குடியானவனது வீட்டு வரவு செலவைக் கேட்டு எழுதினார். கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை மீண்டும் பூண்டதும் ஏறக்குறைய இக்காலத்திலேதான்.

பின்னர் வந்தது உப்புச் சத்தியாக்கிரகம். காந்தியடிகள் சிறைப்பட்டபோது அவரது பத்திரிகையை நடத்தும் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். அதற்குரிய சிறைவாசமும் அவருக்குக் கிடைத்தது. 1931-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள கடன் பொறுப்புக்களை ஆராயக் காங்கிரஸ் ஒரு கமிட்டி அமைத்தபோது அதனைக் கூட்டி நடத்தும் பணி அவரிடமே வந்தது. எந்தக் கடன் நம்முடையது, எது நம் தலைமீது அநியாயமாகச் சுமத்தப்பட்டது என்று பிரிப்பதற்கு வக்கீல்கள் பலர் இருந்தார்கள், கணக்கர் வேண்டியிருந்தது.

1934-ல் பீகாரைப் பூகம்பம் அழித்தது. நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் வந்தது. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுச் செலவுக்கு நாள் ஒன்றுக்கு 3 அணா என்று அவர் விதித்தார். காந்தியடிகளே பரிவாரத்துடன் அங்கு வந்தபோது, நிவாரண நிதி கஷ்டப்படுகிறவர்களுடையது, விருந்தாளிகளின் செலவை அதில் எழுத முடியாதென்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். காந்தியடிகள் அதற்காக அவரை வெறுக்கவில்லை. அத்தகைய மனிதரையே தேடிக்கொண்டிருந்தார் என்பது சில மாதங்களில் விளங்கிற்று. அவ்வருஷம் அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ், அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை அமைக்கும் வேலையைக் குமரப்பாவிடம் ஒப்புவித்தது. டிசம்பரில் வார்தாவில் சங்கம் தோன்றிற்று. குமரப்பா அதன் காரியதரிசி. ஸ்ரீ ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் மகன்வாடி என்ற பெயரோடு அதன் ஸ்தலமாயிற்று.

மகன்வாடியில் நடந்த வேலைகளைக் கவனித்துப் பார்த்தால்தான், அவரைப் பழமைப் பித்தர் என்று இகழ்ந்தவர்களின் அறியாமை புலப்படும். செக்காட்டுதல், நெல் குத்துதல், தேனீ வளர்த்தல், பனைவெல்லம் காய்ச்சுதல், காகிதம் செய்தல், தோல் பதனிடுதல் ஆகிய ஒவ்வொரு தொழிலையும் அவரும் அவருடைய சகாக்களும் சோதித்தார்கள், கருவிகளைத் திருத்தினார்கள், எத்தனை மணி நேர வேலைக்கு எவ்வளவு பலன் என்று கணக்கெழுதினார்கள். கந்தல், வைக்கோல், பழைய காகிதம் ஆகியவற்றிலிருந்து புதுக் காகிதம் எடுத்தார்கள். கப்பலில் வந்த மண்ணெண்ணெயை எரிப்பதற்குப் பதிலாகக் கிராமத்துத் தாவர எண்ணெயில் எரியும் மகன்தீபம் என்ற விளக்கை உண்டாக்கினார்கள். வேம்பும் புங்கமும் இலுப்பையும் ஊரெங்கும் கொட்டை உதிர்த்துக் கிடக்க, எரிப்பதற்கு எண்ணெய் ஏழு கடல் தாண்டி வருவானேன் என்பதே அதற்கு ஆதாரமான கேள்வி. புங்க மரம் நிறைந்த நமது ஜில்லாவில் அந்தக் கேள்வி இன்றும் செல்லுபடியாகும்.

1942-ம் வருஷத்து இயக்கத்தை ஒட்டி மீண்டும் சிறை வாசம். ஜபல்பூர்ச் சிறையில் இருந்துகொண்டு அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று ஏசுவின் உபதேசத்தைப் பற்றியது; மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டிற்கும் 1945-ல் காந்தியடிகள் முகவுரை அளித்து, தாமே ஒரு சர்வகலாசாலைபோல் நின்று கிராமக் கைத்தொழிலில் பண்டிதர் என்ற பட்டத்தையும் அவருக்குச் சூட்டினார்.

அந்த இரண்டாவது நூலின் சாரத்தை நமது வார்த்தைகளில் சொல்லுகிறோம். உலகத்துப் பொருள்கள் இரண்டு வகை. நிலக்கரி, மண்ணெண்ணெய், உலோகம் முதலியவை ஏரியில் தேங்கிய நீர் போன்றவை. இறைக்க இறைக்கக் குறையும். மரம், பயிர், பிராணிகளின் உழைப்பு முதலியவை ஆற்றில் ஓடும் நீர் போன்றவை. ஓட்டத்தைக் கெடுக்காதவரையில் வருஷந்தோறும் வரும். தேங்கியதை நம்பி வாழும் ஜனசமூகம் பங்குக்காகச் சண்டையிட்டே தீரும். ஓடுவதை நம்பி வாழ்கிற சமூகம் சமாதானமாக இருக்கலாம். இரண்டு உலக யுத்தங்களைக் கண்ட மனிதருக்கு இது ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றியிருக்க முடியாது.

இயற்கையில் ஒன்றும் கழிவதில்லை என்பது அவர் அடுத்தபடியாகச் சொன்னது. மண்புழு உதிர்ந்த இலையைத் தின்று மண்ணைப் பதப்படுத்துகிறது. தேனீ தன் உணவைத் தேடப் போகிற வழியில் பூவைக் காயாக்குகிறது. மரம் நிழலும் பழமும் தந்து, இறந்தபின் மண்ணாகிறது. ஒவ்வொன்றும் தனக்கென்று செய்வது பிறிதொன்றுக்கு உதவுகிறது. இந்தச் சக்கரம் எங்கே அறுகிறதோ அங்கே இம்சை பிறக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். மனிதர் ஜீவிக்கும் முறைகளையும் இவ்வாறே ஐந்தாக வகுத்தார். கொன்று தின்னும் புலியின் முறை. பிறர் வளர்த்த தோப்பில் புகுந்து பறிக்கும் குரங்கின் முறை. தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவையின் முறை. கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீயின் முறை. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையின் முறை. எந்தப் படியில் நாம் நிற்கிறோமென்று தேசமும் தனி மனிதனும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவரது நோக்கம்.

பணத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம் பாலக்கோட்டுக் குடியானவனுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. பழம் விற்பவளின் கூடையில் உள்ள சரக்கு பொழுது சாய்ந்தால் அழுகும்; வாங்க வந்தவனின் மடியிலுள்ள நாணயம் அழுகாது. ஆகவே அவன் காத்திருக்கலாம், அவள் காத்திருக்க முடியாது. பேரம் தொடங்குமுன்னரே தீர்ந்துவிடுகிறது. சந்தையில் கொட்டப்பட்ட தக்காளி அதிக விளைச்சலின் குற்றமன்று. அழுகாத பணத்துக்கு எதிரே அழுகும் பொருளைத் துணையின்றி நிறுத்திய குற்றம். உலர்த்துவதற்கும் கூழாக்கிப் பாதுகாப்பதற்கும் ஊருக்கு அருகிலேயே சாதனம் இருந்தால் குடியானவனும் காத்திருக்கலாம். கழிவைத் தடுப்பது தர்மத்தோடு நின்றுவிடும் விஷயமன்று. பேரத்தில் ஏழையின் கையைப் பலப்படுத்தும் காரியமுமாகும்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய கிராமத்தில் எதுவும் வீணாகவில்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். சாணம் எருக்குழிக்குப் போயிற்று. ஆட்டுக்கிடை வயலை உரமாக்கிற்று. ஈயம் பூசுகிறவன் பாத்திரத்தைப் புதுப்பித்தான். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது. எல்லாம் மெய்யே. ஆனால் செத்த மாட்டைச் சுமந்தவர் யார்? மலத்தை வாரியவர் யார்? பிறப்பினால் சிலர்மீது அந்த வேலையைச் சுமத்தி, அவர்கள் கையால் ஊரைச் சுத்தமாக்கி, அந்தக் கையையே தீண்டலாகாதென்று ஒதுக்கினோம். அந்தச் சக்கரம் சிலருடைய முதுகின்மேல் உருண்டது. வார்தா வட்டாரத்துத் தொண்டர்கள் இதனை அறிந்திருந்தார்கள். உயர்ந்ததென்று சொல்லப்பட்ட சாதிகளில் பிறந்தவர்களே மலம் அள்ளவும், நால்வாடியில் தோல் பதனிடவும் முன்வந்தார்கள். கையால் மலம் அள்ளும் வேலையில் மனிதரை அமர்த்துவதைத் தடுக்க 2013-ல் பார்லிமெண்டு மீண்டும் ஒரு சட்டம் செய்ய நேர்ந்ததே, வார்தாவின் பாடம் நாட்டில் எவ்வளவு குறைவாகப் பரவிற்று என்பதற்குச் சாட்சி. சுழற்சி என்ற புதுப் பெயரால் குப்பை பொறுக்கும் ஏழைகளின்மேல் அதே பழைய பாரத்தை ஏற்றுவோமானால் குமரப்பாவின் பெயரைச் சொல்ல நமக்கு அருகதையில்லை. கூலியும் கையுறையும் மரியாதையும் அந்தக் கணக்கின் முதல் செலவாக எழுதப்படவேண்டும்.

சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குக் குமரப்பா தலைமை வகித்து 1949-ல் அறிக்கை கொடுத்தார். நிலத்துக்கும் உழுபவனுக்கும் நடுவே நிற்கும் தரகர்களை நீக்கவேண்டும் என்று அந்த அறிக்கை கூறிற்று. ஆனால் புதிய சர்க்கார் பெரிய அணைகளையும் பெரிய ஆலைகளையும் நோக்கித் திரும்பிவிட்டது. டிராக்டரும் ரசாயன உரமும் பசியைத் தீர்க்குமென்று எல்லோரும் நம்பினர். டிராக்டர் சாணம் போடாது என்பதை அவர் நினைவூட்டினார். தம் சகாக்கள் மந்திரிகளான பிறகும் அவர்களைக் கண்டிப்பதில் அவர் தயங்கவில்லை. அதனால் வெகு விரைவில் தனிமைப்பட்டார். உடல் நலம் குன்றியதும் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் 1940-ல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். லண்டனிலும் பம்பாயிலும் செல்வர்களின் கணக்கைப் பார்த்த மனிதர், கரிசல் காட்டுக் கிராமத்தில் தமது கடைசிக் காலத்தைக் கழித்தார். 1960-ல் காந்தியடிகளின் நினைவு தினத்தன்றே காலமானார்.

அவர் சொன்னவை யாவும் சரி என்று நாம் வாதிக்கவில்லை. பஞ்சத்தை வென்றதில் புதிய விதைக்கும் உரத்துக்கும் அணைக்கும் பங்குண்டு; அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். சட்டக் கலாசாலையில் படித்த நாளில் நாமும், தேசத்தின் பொருளாதாரம் டில்லியில் இருக்கிறதென்றும், குமரப்பா போன்றவர்கள் பூஜிக்கத்தக்கவர்களே தவிரப் பின்பற்றத்தக்கவர்கள் அல்லரென்றும் எண்ணியதுண்டு. ஆனால் வக்கீல் தொழிலில் ஒரு பாடம் கற்றோம். எதிர்க் கட்சிக்காரன் கேட்கும் பத்துக் கேள்விகளில் ஒன்பதுக்குப் பதில் இருக்கலாம். பதிலில்லாத பத்தாவது கேள்வியிலேதான் வழக்கு நிற்கிறது. இந்தச் செலவை யார் தலையில் எழுதினீர்கள் என்ற குமரப்பாவின் பத்தாவது கேள்விக்கு இன்றுவரை பதிலில்லை. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் 1973-ல் வெளியிட்ட, சிறியதன் அழகைப் போற்றும் பிரசித்தமான நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டபோது, மேல்நாட்டார் நம்மவரைக் கண்டுகொண்டார்கள். நாம் நம்மவரை மேல்நாட்டார் வழியாகக் கண்டுகொண்டோம்.

இனி சர்க்காரின் கடமை என்ன, குடிகளின் கடமை என்ன என்று பார்ப்போம்.

சர்க்கார் கையில் சட்டமும் விலையும் கொள்முதலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் ஆரம்பமாயிற்று. நல்ல காரியங்களே. ஆயினும் சட்டம் செய்த அன்று பை மறைந்து, மறுநாள் மாற்றுப் பை ஏராளமாகக் கிடைத்தால்தான் தடை நிலைக்கும். இதைத்தான் மகன்வாடி கற்பித்தது: விலக்குவதற்கு முன்னால் உண்டாக்கு. மந்தார இலையில் தைத்த தையல் இலையும், பாக்கு மட்டைத் தட்டும், துணிப்பையும் செய்கிற கைகளுக்குச் சர்க்கார் விடுதிகளும் கோயில்களும் கல்யாண மண்டபங்களும் நிலையான கொள்முதல் கொடுத்தால், தடையுத்தரவைக் காக்கப் போலீசாரின் தயவு வேண்டியதில்லை.

விலையின் சக்தியை நீலகிரியில் கண்டோம். காட்டிலும் வழியிலும் எறியப்பட்ட மதுப்புட்டிகள் யானைகளின் காலைக் கிழித்த விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. கோர்ட்டு இட்ட வழிப்படி 2022-ல் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் அதிகம் வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே தொடங்கிற்று. புட்டிகள் திரும்பின. மது விற்பனையை நாம் ஆதரிப்பவர் அல்லோம்; 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதல் அமல்படுத்திய பழைய சேலம் ஜில்லாவின் பகுதியே நமது தர்மபுரி என்பதை மறக்கவும் மாட்டோம். ஆனால் கணக்கின் பாடம் பாடமே. நேற்று ஒன்றுக்கும் உதவாதென்று எறியப்பட்ட புட்டி இன்று 10 ரூபாய் பெறுமானால், குப்பை என்பது பொருளின் குணமன்று, விலை எழுதப்படாத குறையே என்று ஏற்படுகிறது. பிளாஸ்டிக் உறை செய்பவரும் இறக்குமதி செய்பவரும் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்கவேண்டுமென்று 2022-ல் மத்திய சர்க்கார் விரிவான விதிகள் செய்ததும் இந்த நியாயத்தை ஒட்டியதே. விதி ஏட்டில் இருக்கிறது. அதைக் கிராமத்து வாய்க்கால் வரை கொண்டுவருவது இனிச் செய்யவேண்டியது.

மூன்றாவது உதாரணம் நமது தொழிலையே சேர்ந்தது. கரும்புச் சக்கையிலிருந்து பத்திரிகைக் காகிதம் செய்வதற்காகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 1979-ல் ஒரு கம்பெனியை அமைத்து, கரூருக்கு அருகே புகளூரில் ஆலை கட்டிற்று. மரத்தை வெட்டாமல் கழிவிலிருந்து காகிதம் எடுத்தது பெருமைக்குரியது. ஆனால் சக்கையைக் கொடுத்துவிட்ட சர்க்கரை ஆலைக்கு அடுப்பெரிக்க வேறு பொருள் வேண்டாமா? அதற்கு நிலக்கரி போன்றதைப் பதிலாகக் கொடுக்கும் ஏற்பாடு நடந்தது. குமரப்பா உயிரோடிருந்தால் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தியிருப்பார். ஓட்டத்து நீரை வாங்கிக்கொண்டு ஏரி நீரைக் கொடுத்தால் மீதி என்ன என்று கூட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பார். மரம் மிஞ்சியதை வரவிலும், கரி எரிந்ததைச் செலவிலும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். சுழற்சி என்று பெயரிட்டதெல்லாம் சுழற்சியாகிவிடாது. நமது ஜில்லாவிலும் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் சக்கையும் ஆலைக் கசடும் பாகுக் கழிவும் எங்கே போகின்றன, கரும்பு கொடுத்த வயலுக்கு அவற்றில் எவ்வளவு திரும்புகிறது என்று கேட்கும் உரிமை கரும்பு போட்ட ஒவ்வொரு அங்கத்தினருக்கும் உண்டு.

குடிகளின் கடமை இதைவிடக் கஷ்டமானது. ஏனெனில் அதைச் செய்விக்க வெளியாள் இல்லை. ஈரக் கழிவையும் உலர்ந்த கழிவையும் வீட்டிலேயே பிரிக்கவேண்டுமென்று 2016-ல் மத்திய சர்க்கார் விதித்தது. பிரிக்காத குப்பையில் எருவுமில்லை, காகிதமுமில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்கின்றன. இரண்டு கூடை வைப்பதற்குப் பாண்டித்தியம் வேண்டியதில்லை. அடுத்தவன் பிரிக்கட்டும் என்ற எண்ணத்தை விடவேண்டும். அந்த அடுத்தவன் யாரென்று மேலே சொல்லிவிட்டோம். இதை எழுதத் தொடங்குமுன் நமது அச்சுக்கூடத்தையே சோதித்தோம். பழைய காகிதத்துக்குக் கணக்கு இருந்தது, ஏனெனில் அதற்கு விலை உண்டு. மை துடைத்த துணிக்கும் காலி டப்பாக்களுக்கும் கணக்கு இல்லை. பிறரை நோக்கி நீட்டிய விரல் நம் பக்கம் திரும்பிற்று. இந்த மாதம் முதல் அவற்றுக்கும் ஒரு பக்கம் திறந்திருக்கிறோம்.

நமது ஜில்லாவிலுள்ள தேசத் தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது கோஷங்களோடு ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் மூன்று பத்திகள் இருக்கட்டும். ஊருக்குள் விலை கொடுத்து வருவது என்ன. ஊரைவிட்டு விற்று வெளியே போவது என்ன. ஊரிலேயே பயனின்றிக் கிடப்பது என்ன. கேழ்வரகும் புளியும் மாம்பழமும் பட்டுக்கூடும் இரண்டாம் பத்தியில் வரும். மாங்கொட்டை, புளியங்கொட்டை, மல்பெரித் தண்டு, சாணம், சமையற்கழிவு எல்லாம் மூன்றாம் பத்தியில் வரும். உரமும் எண்ணெயும் பையும் முதற் பத்தியில் வரும். மூன்றாம் பத்தியிலுள்ள எந்தப் பொருளைக் கொண்டு முதற் பத்தியிலுள்ள எதை நிறுத்தலாமென்று ஊரார் கூடி ஆலோசிக்கட்டும். ஒரு வருஷத்தில் ஒரு பொருள் போதும். அந்த ஒன்றினால் எத்தனை பிள்ளைகள் பஸ் ஏறாமல் நின்றார்கள் என்பதையும் தாளின் அடியில் எழுதுங்கள். குமரப்பாவுக்கு மனிதன் வீணாவதே மற்ற எல்லா வீணையும்விடப் பெரிய வீண்.

1925 ஜூலை 23-ந் தேதி ஸ்ரீ சுப்பிரமணிய சிவா உயிர் நீத்தது நமது பாப்பாரப்பட்டியில்தான். அவர் தலைமுறை, நமக்கு வேண்டிய சாமானை நாமே செய்துகொள்வது சுதேசியம் என்று கற்பித்துச் சிறை சென்றது. நாம் உண்டாக்கிய கழிவுக்கு நாமே பொறுப்பேற்பதும் அதே சுதேசியத்தின் பிற்பகுதி. முற்பகுதிக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பிற்பகுதி நம்மிடம் கேட்பது இரண்டு கூடையும் ஒரு நேர்மையான கணக்கும். காலை 11 மணிக்கு எழுந்து நிற்கும் இரண்டு நிமிஷத்தில், அந்தக் கணக்கை எழுதச் சொன்ன தஞ்சைத் தமிழரையும் நினைக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.